ஒரு கூந்தலுக்கு இரண்டு தண்டனையா?

காஸ்டிக் சோடா என்றால் சோப்புக் காய்ச்சுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். கையில் பட்டால் தோல் வெந்துவிடும். அலுமினியப் பாத்திரத்தில் போட்டால் பாத்திரமே அரித்துப் போகும். அடைத்துக் கொண்ட குழாயைத் திறப்பதற்கும் அதைத்தான் ஊற்றுகிறார்கள்.

அந்தக் காஸ்டிக் சோடாவைப் பெண்கள் தலையில் பூசிக் கொள்கிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

நம்பித்தான் ஆகவேண்டும். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் பல லட்சம் பேர் பல பத்து ஆண்டுகளாக அதைப் பூசி வந்திருக்கிறார்கள். நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு காஸ்டிக் சோடா கலந்த களிம்பு அது. சுருண்ட முடியை நேராக்கிவிடும். அங்கே அதற்கு ‘ரிலாக்ஸர்’ என்று பெயர். தமிழில் சுருள் நீக்கும் மருந்து என்று சொல்லலாம். காஸ்டிக் சோடாவுக்குப் பதிலாக வேறு காரம் கலந்த மருந்தும் உண்டு. வேலை ஒன்றுதான்.

மருந்து போட்டதோடு பலர் விடுவதில்லை. அதே முடியின் மேல் சூட்டு இரும்பை வைத்து இழுக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் வழவழப்பு வேண்டும், இன்னும் கொஞ்சம் பளபளப்பு வேண்டும் என்ற ஆசை.

மருந்து ஒரு தண்டனை. இரும்பு இரண்டாவது தண்டனை. ஒரு கூந்தலுக்கு இரண்டு தண்டனை எதற்கு?

இது கடல் கடந்த ஊர்க் கதைதானே என்று ஒதுக்கிவிட முடியாது. அதே சூட்டு இரும்பு இன்று நம் ஊர்க் கடைகளிலும் விற்கிறது. கல்லூரி விடுதிகளிலும் கல்யாண வீடுகளிலும் கை மாறுகிறது. சுருட்டை நீக்கும் மருந்தும் வேறு பெயர்களில் நம் அழகு நிலையங்களுக்கு வந்துவிட்டது. அங்குள்ள பெண்கள் நூறு ஆண்டு பட்டுத் தெரிந்து கொண்டதை இங்குள்ளவர்கள் படித்தே தெரிந்து கொள்ளலாம்.

முடிக்குள் என்ன இருக்கிறது?

முடி உயிர் உள்ளதா, இல்லாததா? தோலுக்குள் இருக்கும் வேருக்கு உயிர் உண்டு. வெளியே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. அதனால்தான் கெட்டுப் போனால் தானாக ஆறுவதும் இல்லை. கையில் பட்ட காயம் ஆறும். முடியில் பட்ட காயம் ஆறாது.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பு வரை தொங்கும் கூந்தலின் நுனிக்கு ஐந்து வயதாவது இருக்கும். ஐந்து தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த நுனி அது. அது பட்ட வெயிலும் சிக்கும் சூடும் எல்லாம் அதிலேயே சேர்ந்திருக்கும்.

முடி முழுவதும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நகமும் மாட்டுக் கொம்பும் கூட அதே பொருள்தான். அந்தப் புரதத்தில் கந்தகம் இருக்கிறது. முடி தீய்ந்தால் ஒரு நாற்றம் வருகிறதல்லவா? அது கந்தகத்தின் நாற்றம்.

முடிக்கு உருவம் கொடுப்பவை இரண்டு வகைக் கட்டுகள்.

ஒன்று, இலேசான கட்டு. தண்ணீர் பட்டால் அவிழும். காய்ந்தால் மறுபடியும் சேரும். சூடு பட்டாலும் அவிழும். இரவு பின்னிய சடையைக் காலையில் அவிழ்த்தால் முடி அலை அலையாக நிற்பதும், தலைக்குக் குளித்ததும் அந்த அலை போய்விடுவதும் இந்தக் கட்டினால்தான்.

மற்றொன்று, கந்தகக் கட்டு. இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் கட்டு. தண்ணீருக்கு அது அசையாது. சுருட்டை முடியைச் சுருட்டையாகவே வைத்திருப்பதும், முடிக்கு வலுவைத் தருவதும் இதுதான்.

துணியை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். இலேசான கட்டு என்பது இஸ்திரி மடிப்பு. கந்தகக் கட்டு என்பது தையல்.

சூட்டு இரும்பு மடிப்பை மாற்றுகிறது. சுருள் நீக்கும் மருந்தோ தையலையே பிரிக்கிறது. கைகோத்து நின்ற இரண்டு கந்தக அணுக்களில் ஒன்றைப் பிடுங்கி எறிந்துவிடுகிறது. முடி நேராகிறது. பிறகு எத்தனை முறை குளித்தாலும் அந்த முடி பழைய சுருளுக்குத் திரும்புவதில்லை. ஆனால் பழைய வலுவும் திரும்புவதில்லை.

அடுப்பில் காய்ந்த சீப்பு

இரும்பைக் காய்ச்சி முடியை அலங்கரிக்கும் வழக்கத்துக்கு நல்ல வயதாகிவிட்டது. பிரான்சு நாட்டில் மார்செல் கிராட்டோ என்ற சிகை அலங்காரக்காரர் 1870-களில் சூடேற்றிய இடுக்கியால் பெண்களின் முடியில் அலை வைத்தார். அந்த அலை அவர் பெயராலேயே புகழ் பெற்றது.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வீடுகளில் இடம் பிடித்தது சூட்டுச் சீப்பு. உலோகச் சீப்பு அது. அடுப்பில் வைத்துக் காய்ச்சுவார்கள். முடியில் கொழுப்புக் களிம்பு தடவி, வேரிலிருந்து நுனி வரை இழுப்பார்கள். சனிக்கிழமை இரவு சமையலறையில் இந்த வேலை நடக்கும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டுமே! பெண் குழந்தை நாற்காலியில் காதை மடித்துப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் அசைந்தால் காது சுட்டுவிடும்.

மேடம் வாக்கர் என்ற பெண்மணிதான் சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. 1867-ல் லூசியானா மாநிலத்தில் பிறந்தவர் அவர். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். துணி துவைத்துப் பிழைத்தவர், தலைக்குத் தடவும் களிம்பு விற்றுப் பெரும் பணக்காரரானார். 1919-ல் காலமானார். சூட்டுச் சீப்பை அவர் பரப்பினார், கண்டுபிடிக்கவில்லை.

சூட்டுச் சீப்புக்கு ஒரு குறை உண்டு. வியர்வை பட்டால் போதும், மழைத் துளி பட்டால் போதும், முடி சுருண்டுவிடும். மடிப்புத்தானே கலைந்தது! தையல் அப்படியே இருந்ததே! அந்தக் குறையே ஒரு வகையில் நன்மையாகவும் இருந்தது. சூடு அளவோடு பட்டவரை, தலைக்குக் குளித்தால் பழைய முடி திரும்பி வந்தது.

தையற்கடையில் கிடைத்த மருந்து

காரட் மார்கன் என்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் கிளீவ்லாந்து நகரத்தில் தையல் இயந்திரக் கடை வைத்திருந்தார். ஊசி வேகமாக ஓடும்போது சூடாகிக் கம்பளித் துணியைப் பொசுக்கியது. அதைத் தடுக்க ஒரு திரவம் தயாரித்துப் பார்த்தார். கையில் ஒட்டியதை ஒரு துணியில் துடைத்தார். துணியின் சுருண்ட மயிரெல்லாம் நேராகிவிட்டது. பக்கத்து வீட்டு நாயின் மேல் தடவிப் பார்த்தார். பிறகு தம் தலையிலேயே தடவிக் கொண்டார். இப்படித்தான் அந்தக் கதையைச் சொல்லுவார்கள். 1913-ல் முடிக் களிம்பு விற்க ஒரு கம்பெனியே ஆரம்பித்தார். 1923-ல் போக்குவரத்து சிக்னலுக்குப் பேட்டண்ட் வாங்கியவரும் இதே மார்கன்தான்.

வீட்டிலேயே மருந்து காய்ச்சியவர்களும் உண்டு. கறுப்பின மக்களின் தலைவர்களில் ஒருவரான மால்கம் எக்ஸ் இளமையில் பட்ட பாட்டை 1965-ல் வெளிவந்த தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். காஸ்டிக் சோடா, உருளைக்கிழங்கு, முட்டை இவற்றைக் கலந்து நண்பன் அவர் தலையில் பூசினான். தலை தீயாக எரிந்தது. எல்லாம் எதற்கு? முடி வெள்ளையர் முடி போல இருக்க வேண்டும் என்பதற்குத்தான். பின்னால் அதை நினைத்து அவர் வெட்கப்பட்டார்.

1954-ல் ஜார்ஜ் ஜான்சன் என்பவர் சிகாகோ நகரத்தில் ஒரு கம்பெனி தொடங்கினார். முதலில் ஆண்களுக்கான மருந்து. பிறகு பெண்களுக்கான மருந்து. கடையில் டப்பாவில் விற்கத் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு பரவியது. சனிக்கிழமை இரவுச் சீப்புக்கு ஓய்வு கிடைத்தது என்று பெண்கள் மகிழ்ந்தார்கள்.

ஓய்வு நிலைக்கவில்லை. மின்சாரச் சீப்பு வந்தது. ஊதிக் காய வைக்கும் ஹேர் டிரையர் வந்தது. இரண்டு தகடுகளுக்கு இடையே முடியை வைத்து நசுக்கி இழுக்கும் ஸ்ட்ரெயிட்னர் வந்தது. எந்த இரும்பிலிருந்து தப்ப மருந்து போட்டார்களோ, அந்த இரும்பு மருந்து போட்ட தலைக்கே திரும்பி வந்தது.

வடைச் சட்டியை விடச் சூடு

ஸ்ட்ரெயிட்னரின் சூடு எவ்வளவு என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. வடை பொரிகிற எண்ணெய் ஏறக்குறைய 180 டிகிரி இருக்கும். ஸ்ட்ரெயிட்னர்களில் பல 230 டிகிரி வரை போகும். வடைச் சட்டியில் விரலை வைப்பவர் யாரும் இல்லை. அதை விடச் சூடான தகட்டில் முடியை வைத்து ஒரே இடத்தில் மூன்று முறை, நான்கு முறை இழுக்கிறார்கள்!

முடியின் மேல் ஓடு ஓடாக மெல்லிய செதில்கள் மூடியிருக்கின்றன. நாட்டு ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்திருப்பது போல. காரம் பட்டதும் இந்த ஓடுகள் தூக்கிக் கொள்கின்றன. சில பெயர்ந்து விழுகின்றன. பிறகு உள்ளே இருக்கும் ஈரத்தை முடியால் பிடித்து வைக்க முடிவதில்லை. அந்த நிலையில் இரும்பு வந்தால், இருக்கிற ஈரமும் போகிறது. புரதமே உருக்குலைகிறது. முடி முதலில் பளபளக்கும். இரும்பு செதில்களை அழுத்திவிட்டதால் வரும் பளபளப்பு அது. சில வாரங்களில் சீப்பில் துண்டு துண்டாக முடி வரும்.

வேரோடு விழுகிற முடி வேறு. நடுவில் ஒடிகிற முடி வேறு. வேரோடு விழுந்தால் நுனியில் ஒரு சிறு வெள்ளை முண்டு இருக்கும். நாள்தோறும் சில முடிகள் அப்படி விழுவது எல்லாருக்கும் இயற்கை. முண்டு இல்லாமல் குட்டை குட்டையாகக் கிடந்தால் முடி ஒடிகிறது என்று பொருள். அப்போதே இரும்பை எடுத்து வைத்துவிட வேண்டும்.

இன்னும் ஒரு பெரிய ஆபத்து ஈரம். ஈர முடியில் இரும்பை வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிறது. வெளியேற வழி இல்லாமல் முடிக்குள்ளேயே குமிழாக வீங்குகிறது. மூடிய சட்டி வெடிப்பது போலத்தான். குமிழ் விழுந்த இடத்தில் முடி ஒடியும். ஸ்ட்ரெயிட்னர் வைக்கும்போது ‘சுர்’ என்று சத்தம் கேட்டால் அது முடி வேகிற சத்தம்.

எல்லைக்கோடு எங்கே?

மருந்து போட்ட முடிக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. மருந்து போட்ட பாகம் நேராக நிற்கும். ஆனால் வேரிலிருந்து மாதா மாதம் புது முடி சுருட்டையாகவே வளர்ந்து வரும். இரண்டும் சேருகிற இடம்தான் எல்லைக்கோடு. ஒரு பக்கம் வலுவான சுருள். மறு பக்கம் வலுவிழந்த நேர் முடி. பழைய சீலையில் புதுத் துணி ஒட்டுப் போட்டால் ஒட்டின் ஓரத்தில்தான் கிழியும். முடியும் அப்படித்தான்.

புது முடி தெரிகிறதே என்று அவசரப்பட்டு இரண்டு தவறுகள் செய்கிறார்கள்.

ஒரு தவறு, மருந்தை மறுபடியும் முழு முடிக்கும் பூசுவது. ஏற்கெனவே பிரிந்த தையலை இன்னும் பிரிப்பது அது. அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் சொல்லும் முறை வேறு. இரண்டு முதல் நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் மருந்து தொட வேண்டும். அதுவும் புதிதாக வளர்ந்த முடிக்கு மட்டும். பழைய பாகத்தில் படவே கூடாது. பழகிய கை உள்ளவர்தான் போட வேண்டும்.

மற்றொரு தவறு, புது முடியை நேராக்க நாள்தோறும் இரும்பு வைப்பது. இரும்பு புது முடியோடு நிற்குமா? எல்லைக்கோட்டைக் கடந்து பழைய முடியின் மேல் நுனி வரை ஓடும். வலுவில்லாத பாகத்துக்கே அதிக அடி.

சூடு வைத்தே தீர வேண்டுமா?

மருந்து போட்டு நேராக்கிய முடியை மறுபடியும் நேராக்க இரும்பு எதற்கு? இதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

“கல்யாணத்துக்கு ஒரு நாள் வைத்தால் என்ன?” என்று கேட்பார்கள். ஒரு நாளைக்கு வைத்தால் குடி முழுகிப் போகாது. தினசரி வைப்பதுதான் முடியைத் தின்கிறது. வைத்துத்தான் ஆகவேண்டும் என்கிறவர்கள் கீழே உள்ளவற்றைக் கைக்கொள்வது நல்லது.

வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். தோல் மருத்துவர் சங்கம் கூறும் எல்லையும் அதுதான். மருந்து போட்ட முடிக்கு அதைவிடக் குறைவாக வைத்தால் இன்னும் நல்லது. மருந்து போட்ட உடனே இரும்பு வைக்காமல் இரண்டு வாரமாவது விட்டுவிட வேண்டும்.

சூட்டின் அளவு காட்டும் கருவியையே வாங்க வேண்டும். அளவு காட்டாத மலிவுக் கருவி எவ்வளவு காய்கிறது என்று யாருக்கும் தெரியாது. மருந்து போட்ட முடிக்கு 150 டிகிரியில் தொடங்கலாம். 175 டிகிரியைத் தாண்ட வேண்டாம். சில கருவிகளில் பாரன்ஹீட் கணக்கு இருக்கும். அதில் 300 என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 150. 350 என்றால் ஏறக்குறைய 175. 450 என்றால் 230! எண்ணைப் பார்ப்பதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும்.

முடி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மேலே காய்ந்து அடியில் ஈரமாக இருந்தாலும் கூடாது. ஹேர் டிரையரில் காய வைப்பதானால் ஒரு சாண் தூரத்தில் பிடித்து அசைத்துக் கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் ஊதக் கூடாது.

முதலில் சிக்கு எடுக்க வேண்டும். சிக்கோடு இரும்பு வைத்தால் முடி அறும். முடியைச் சிறு சிறு கற்றையாகப் பிரித்து, சூடு தாங்கும் பூச்சைத் தடவ வேண்டும். அந்தப் பூச்சு சூட்டை மெதுவாக உள்ளே விடும், அவ்வளவுதான். அது கவசம் அல்ல. பூச்சு தடவிவிட்டோம் என்று சூட்டை ஏற்றக் கூடாது.

ஒரு கற்றைக்கு ஒரே ஒரு இழுப்பு. நிறுத்தாமல் இழுக்க வேண்டும். தலைத் தோலிலிருந்து ஒரு விரல் தூரம் விட்டுத் தொடங்க வேண்டும். மருந்தினால் தோல் புண்பட்டிருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

அடுப்பில் காய்ச்சும் சீப்பை விட்டுவிடுவதே மேல். விடாதவர்கள் முதலில் வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காகிதம் பழுப்பானால் முடியும் பொசுங்கும்.

தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு இரும்பு வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது வேண்டாம். தேங்காய் எண்ணெய் 175 டிகிரியை ஒட்டியே புகையத் தொடங்கும். எண்ணெய்க்கு வேறு நல்ல இடம் இருக்கிறது. குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் முடியின் புரதம் வீணாவது குறைகிறது என்று 2003-ல் வெளியான இந்திய ஆராய்ச்சி ஒன்று காட்டியது. பாட்டி சொன்னது சரிதான்!

வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சூடான கருவியைப் பாயிலும் மெத்தையிலும் வைக்கக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் ஆற விட வேண்டும்.

இரும்பு இல்லாத வழி

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடம் ஓர் அழகான வழக்கம் இருக்கிறது. குளித்த ஈர முடியைச் சிக்கெடுத்து, தலையைச் சுற்றித் தலைப்பாகை போலப் படிய வாரிச் சுற்றுகிறார்கள். மேலே வழவழப்பான துணியைக் கட்டிக் காய விடுகிறார்கள். அவிழ்த்தால் முடி நேராகவும் பளபளப்பாகவும் விழுகிறது. பெரிய உருளைகளில் சுற்றிக் காய வைப்பவர்களும் உண்டு. தகட்டுக்கு இடையே நசுக்கும் சூடு இதில் இல்லை.

இது எப்படி நடக்கிறது? தண்ணீர் இலேசான கட்டுகளை அவிழ்த்தது. முடி நேராக இருக்கும் நிலையிலேயே காய்ந்ததால் கட்டுகள் நேராகவே சேர்ந்தன. இரும்பு செய்கிற அதே வேலையைத் தண்ணீரும் பொறுமையும் செய்துவிட்டன.

இரவில் படுக்கும்போது பட்டுத் துணியைத் தலையில் கட்டிக் கொள்வதும் அவர்கள் வழக்கம். பருத்தித் தலையணையில் உரசி முடி ஒடியாது. காலையில் மறுபடியும் இரும்பு தேடவும் வேண்டாம்.

நம் ஊர்க் கடைகளில்

நம் ஊர் அழகு நிலையங்களில் ரீபாண்டிங், ஸ்மூத்தனிங் என்று சொல்லிச் செய்வது காஸ்டிக் சோடா மருந்து அல்ல. வேறு வகை மருந்து. அது கந்தகக் கட்டைத் தற்காலிகமாகப் பிரிக்கும். கழுவிக் காய வைத்து, ஸ்ட்ரெயிட்னரால் முடியை நேராக்குவார்கள். பிறகு இன்னொரு மருந்தைப் பூசிக் கட்டுகளை நேர் நிலையிலேயே சேர்ப்பார்கள். ஆகவே இரும்பின் அடி அந்த வேலையிலேயே ஒரு முறை விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தினசரி அதையே செய்வது வெந்த சோற்றை மறுபடி அடுப்பில் ஏற்றுவது போல.

ஒன்றை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும். இந்த மருந்தும் காஸ்டிக் சோடா மருந்தும் ஒரே முடியில் சேரக் கூடாது. சேர்ந்தால் முடி கொத்துக் கொத்தாக ஒடியும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்த டப்பாவை, ஏற்கெனவே ரீபாண்டிங் செய்த தலையில் போட்டுப் பார்ப்பது விஷப் பரீட்சை.

சில வகை மருந்துகளைப் பூசியபின் இரும்பு வைத்தால் கண் எரியும், தொண்டை கரகரக்கும். ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கிளம்புவதுதான் காரணம். பிணத்தைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் இருக்கிறதே, அதில் உள்ளது இந்த வாயுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. டப்பாவைத் திறக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. சூடு பட்டதும் ஆவி எழும்பும். முடி நேராக்க வந்த பெண் ஒரு நாள் அதை மூச்சில் இழுக்கிறாள். கடையில் வேலை செய்கிற பெண்ணோ நாள்தோறும் இழுக்கிறாள். அவளைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

அழகு நிலையத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. என்ன மருந்து? எத்தனை டிகிரிச் சூடு? காற்று வெளியேற வழி இருக்கிறதா? காசு கொடுப்பவருக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு. பதில் சொல்லாத கடையில் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

யாருக்காக இந்தப் பாடு?

2022-ல் அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி நிலையம் ஒரு முடிவை வெளியிட்டது. 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். முடி நேராக்கும் மருந்தே போடாத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வருவோர் நூற்றுக்கு 1.64 பேர் என்று கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் போட்டவர்களில் அது 4.05. மருந்துதான் நோயைத் தந்தது என்று இந்த ஓர் ஆராய்ச்சியை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் கண்ணை மூடிக் கொண்டு இருக்கவும் முடியாது. மருந்தை அடிக்கடி போடாதீர்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

இத்தனை தெரிந்தும் அந்தப் பெண்கள் ஏன் விடவில்லை? விட முடியாதபடி ஊர் வைத்திருந்தது. சுருட்டை முடியோடு போனால் வேலை கிடைக்காது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைத் திருப்பி அனுப்புவார்கள். அந்த அநியாயம் அதிகமானதால்தான் 2019-ல் கலிபோர்னியா மாநிலம் சட்டம் போட்டது. இயற்கையான முடியைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். அதன்பின் இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அதைப் பின்பற்றின.

நம் வீடுகளில் மட்டும் என்ன? பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் “சுருட்டை முடியாக இருக்கிறதே, நேராக்கிக் கொண்டு வா” என்று சொல்கிற அத்தைமார்கள் இல்லையா? பத்து வயதுப் பெண்ணின் தலையில் சூட்டு இரும்பு வைக்கிற தாய்மார்கள் இல்லையா? குழந்தையின் முடியில் இரும்பு வைப்பதை இன்றே நிறுத்த வேண்டும். சுருட்டை முடி நோய் அல்ல. அதற்கு மருந்தும் தேவையில்லை.

நேர் முடி வேண்டும் என்று வயது வந்த பெண் தானே விரும்பினால் அது அவள் விருப்பம். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மருந்து என்றால் மருந்தோடு நிறுத்தட்டும். இரும்பு என்றால் இரும்போடு நிறுத்தட்டும். இரண்டும் வேண்டும் என்றால் சூட்டைக் குறைக்கட்டும், நாளைக் குறைக்கட்டும்.

ஸ்ட்ரெயிட்னர் விற்கும் கம்பெனிகளும் ஒன்று செய்ய வேண்டும். மருந்து போட்ட முடிக்கு எத்தனை டிகிரி போதும் என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில், தமிழில் அச்சிட வேண்டும். சிரிக்கும் பெண்ணின் படத்தை அச்சிட இடம் இருக்கிறது. இதற்கு இடம் இல்லாமலா போகும்?

கடையில் இன்னொரு ஸ்ட்ரெயிட்னர் வாங்கலாம். இன்னொரு டப்பா மருந்தும் வாங்கலாம். ஒடிந்த முடி திரும்ப வளர மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது!